அட்டவணையின் கடைசி வரி

இருபத்திரண்டு டிகிரியில்
இரும்புக்கு ஒரு வருத்தமும் இல்லை
என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது மென்பொருள்.
விரிவு சைபர், தகைவு சைபர்.
யாரும் கேட்காமல் அதுவே நிரப்பிவைத்த எண்,
எந்த ஊர் அறையின் வெப்பமோ.
ஒயிட்ஃபீல்டில் எங்கள் மாடி ஏசியும்
இருபத்திரண்டில்தான் ஓடுகிறது.
நான் ஸ்வெட்டரில் இருக்கிறேன்.

இரண்டு பத்திகள்.
இடப்பக்கம் வெப்பநிலை, வலப்பக்கம் யங் குணகம்,
கிகாபாஸ்கலில்.
இருபதுக்கு நூற்று அறுபத்தெட்டு.
இருநூறுக்கு நூற்று ஐம்பத்தொன்பது.
படி பழகியவன் இருட்டில் இறங்குவதுபோல்
நானூறு வரை நிதானமாக வருகிறது.
பிறகு படி இல்லாத இடத்தில் காலை வைக்கிறது.
அறுநூறுக்கு நூற்றுப் பதினேழு.
அதற்குக் கீழே வெள்ளை.

அன்றைக்கு பீன்யாவில் கரண்ட் போய்விட்டது.
உலை பார்க்கும் கெம்பையா ஃபோனில் சொன்னார்:
அறுநூறு முடிந்தது மேடம், எழுநூறு நாளைக்கு.
அந்த நாளை மூன்று மாதமாக வரவில்லை.
பில் மட்டும் முழுசாக வந்துவிட்டது.

பொய் சொன்னால் பிடித்துவிடலாம்.
இது வாயே திறப்பதில்லை.
அறுநூறுக்கு மேல் என்ன போட என்று கேட்காமல்
கடைசி எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு
கிடைக்கோடாக இழுத்துக்கொண்டே போகிறது,
எண்ணூறு, ஆயிரம்,
இரும்பு குழம்பாகி வாய்க்காலில் ஓடும் சூட்டிலும்
அதே நூற்றுப் பதினேழு.
ஒரு சிவப்பு எழுத்து இல்லை.
கணக்கு முடிந்தது என்கிறது, பச்சையில்.

லாரியின் புகைக்குழாய்
மேடு ஏறும்போது எழுநூற்று நாற்பதைத் தொடும்.
என் படத்தில் அது நீலமும் பச்சையுமாக
கல்யாண ஆல்பம் மாதிரி நின்றது.
ஓசூர் சோதனைத் தடத்தில்
மூன்றாம் போல்ட் பக்கத்தில்
மயிரிழை அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

ஒரு எண் போடு ஜெனிட்டா, என்றார் அனிர்பான்.
நல்ல மனிதர், வெள்ளிக்கிழமை மீட்டிங் அவருக்கு.
எழுநூறுக்குத் தொண்ணூறு போடு, வளைவு அழகாக வரும்.
போட்டேன். அழகாகத்தான் வந்தது.
கட்டத்துக்கு மஞ்சள் அடித்தேன்.
மஞ்சளை எடுத்துவிட்டு
'தெரியாது' என்று தட்டிப் பார்த்தேன்.
எழுத்து ஏற்கப்படாது என்றது.
இத்தனை நாளில்
முதல் தடவையாக அது மறுத்த ஒன்று.

புதன்கிழமை ஊதா ரயிலில் மெஜஸ்டிக்,
அங்கிருந்து பச்சை ரயில்.
ஜெனரேட்டருக்கு டீசல் காசு என் பையிலிருந்து.
உலையின் வாய்க்குள் சுண்டுவிரல் தடிமனில் ஒரு கம்பி,
இரண்டு பக்கமும் தாடை கவ்வியிருக்க.
சூடேற ஒன்றரை மணி நேரம்,
சூடு உள்ளே வரை ஊற இன்னும் அரை மணி.
ஸ்வல்ப தாளி மேடம், என்று
கெம்பையா டீ வாங்கப் போனார்.
கண்ணாடித் துளைக்குள்
கம்பி இளஞ்சிவப்பானது,
பிறகு நடுவில் மெலிந்தது,
சத்தமில்லாமல் விட்டுப்போனது.

மூன்று கம்பிகள்.
எண்பத்தொன்று. தொண்ணூற்று மூன்று. எண்பத்துநாலு.
கட்டம் ஒன்றுதான்.

எழுநூறுக்கு மேல் ஏற்றலாமா என்றேன்.
உலையின் உள்சுவரைத் தட்டிக் காட்டினார்,
செங்கல் பொடி உதிர்ந்தது.
ஆக நாற்பது டிகிரி இன்னும் பாக்கி.
கிடைக்கோடு மறுபடி அங்கிருந்து புறப்படும்.
அதை அறிக்கையின் முதல் பக்கத்தில்
அனிர்பான் கண்ணில் குத்தும் எழுத்தில் எழுதுவேன்.
ஆறு துண்டுகளையும் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டேன்.

பீன்யா ஸ்டேஷனில் பை ஸ்கேனருக்குள் போனதும்
காவல்காரப் பெண் நிறுத்தினாள்.
இது என்ன?
இரும்பு.
உடைந்திருக்கிறதே?
நாங்கள்தான் உடைத்தோம்.
நம்பாமல் ஒன்றை எடுத்தவள்
சட்டென்று கை மாற்றினாள்.
இருபத்திரண்டுக்கு
அது இன்னும் வந்துசேரவில்லை.